வென்றவர் சுமக்கும் எடை

ஜிடி என்ற இரண்டெழுத்து 'கிரான் டூரிஸ்மோ' என்ற இத்தாலியச் சொற்றொடரின் சுருக்கம். நெடுந்தூரப் பயணம் என்பது அதன் பொருள். இரண்டு பேர் அமர்ந்து, கொஞ்சம் பெட்டி படுக்கையும் ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் பல நூறு கிலோமீட்டரைக் களைப்பில்லாமல் கடக்கும் வேகக் காருக்கு அந்தப் பெயர் வந்தது. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது. எந்த ஊர்ச் சாலையிலும் அதைப் பார்க்க முடியாது. ஜிடி பந்தயக் கார் அப்படியல்ல. கடையில் விலைக்குக் கிடைக்கும் ஃபெராரி, போர்ஷே, நிசான் கார்களின் உருவத்தையே அது தாங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் என்றோ தன்னை முந்திப்போன காரின் உறவுக்காரனைத் தடத்தில் அடையாளம் காணும்போது பார்வையாளருக்கு வரும் நெருக்கமே இந்தப் பந்தயத்தின் பலம்.

மலேசியர்கள் இந்தப் பந்தயத்தை நன்கு அறிந்தது ஜப்பானியர் வழியாகத்தான். 1993இல் அகில ஜப்பான் ஜிடி சாம்பியன்ஷிப் என்ற பெயரில் ஒரு தொடர் அங்கே தொடங்கியது. 2002இல் சிலாங்கூரின் செப்பாங் தடம் அதில் புள்ளிகள் சேரும் ஒரு சுற்றானது. மறு ஆண்டு சார்ஸ் நோய் பரவியதால் பயணம் தடைப்பட்டது. வெளிநாட்டுப் பந்தயங்களைப் பெருக்க முனைந்தபோது 'அகில ஜப்பான்' என்ற அடைமொழி பொருந்தாமல் போக, 2005இல் 'சூப்பர் ஜிடி' என்று பெயர் மாறியது. அந்தப் பெயர் மாற்றத்தில் செப்பாங்குக்கும் பங்குண்டு.

இத்தொடரின் உயிர்நாடி அதன் எடை விதி. மற்ற விளையாட்டுகளில் வென்றவருக்குக் கோப்பை கிடைக்கும். இங்கே கோப்பையோடு சுமையும் சேர்ந்து வரும். ஜிடி 500 என்ற வேகமான பிரிவில், ஓட்டுநர் சேர்க்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ வீதம் அடுத்த பந்தயத்தில் அவர் காரில் எடை ஏற்றப்படும். இருபது புள்ளி எடுத்தவரின் கார் 40 கிலோ கூடுதலாகச் சுமந்து ஓடும். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போதும், மீண்டும் வேகமெடுக்கும்போதும், டயர் தேயும்போதும் அந்தச் சுமை தன் வேலையைக் காட்டிவிடும். இந்தப் பிரிவில் சுமை 50 கிலோவைத் தாண்டினால் இரும்புக்குப் பதிலாக எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவைக் குறைக்கிறார்கள். கடைசிக்கு முந்தைய சுற்றில் புள்ளிக்கு ஒரு கிலோ; கடைசிச் சுற்றில் எல்லாரும் சுமையை இறக்கிவைத்துவிட்டு மோதுவார்கள். ஆகவே சாம்பியன் ஆக நினைப்பவர் எந்த ஊரில் வெல்வது, எங்கே நான்காம் இடத்தோடு திருப்திப்படுவது என்று ஆண்டு முழுவதுக்கும் கணக்குப் போட வேண்டும். பணக்கார அணி ஒன்றே எல்லாப் பந்தயத்தையும் அள்ளிக்கொண்டு போகும் சலிப்பை இவ்வளவு நேர்மையாகத் தீர்த்த விதி மோட்டார் பந்தய உலகில் அதிகமில்லை.

ஜிடி 500, ஜிடி 300 என இரண்டு பிரிவுக் கார்கள் ஒரே நேரத்தில் ஓடும். குதிரைத்திறனின் அளவைச் சுட்டிப் பிறந்த பெயர்கள் அவை. முதல் பிரிவில் டொயோட்டா, நிசான், ஹோண்டா மட்டுமே மோதுகின்றன. அடுத்ததில் பல நாட்டுக் கார்கள் கலந்திருக்கும். வெள்ளை முகப்பு விளக்கு 500, மஞ்சள் விளக்கு 300. ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள். பாதி வழியில் பிட்டுக்குள் வந்து, ஆள் மாறி, எரிபொருள் நிரப்பி, டயர் மாற்றிப் போவார்கள். வெள்ளை விளக்குக்காரர்கள் மெதுவாகப் போகும் மஞ்சள் விளக்குக்காரர்களுக்கு இடையே புகுந்து முந்துவதில்தான் பல பந்தயங்களின் முடிவு இருக்கிறது.

செப்பாங்கில் இதோடு வானிலையும் ஒரு போட்டியாளர். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நிலத்தில், ஹெர்மன் டில்கே வடிவமைத்த 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட இந்தத் தடம் 1999இல் திறக்கப்பட்டது. மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஓட்டுநர்கள் குளிர்ந்த நீர் குழாய்களில் ஓடும் உள்சட்டை அணிந்துதான் தாக்குப்பிடிக்கிறார்கள். மாலை இடிமழை வேறு. 2009 ஃபார்முலா ஒன் பந்தயம் 33ஆம் சுற்றிலேயே மழையால் நின்றுபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

2013க்குப் பிறகு சூப்பர் ஜிடி தாய்லாந்தின் புரிராமுக்கு இடம்பெயர்ந்தது. அந்த இடைவெளியில்தான் தமிழர் ஒருவர் இத்தொடருக்குள் வந்தார். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2005இல் இதே செப்பாங்கில் ஜோர்டன் காரில் 11ஆவதாக வந்தவர். 2019இல் நகாஜிமா ரேசிங் அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் 500 பிரிவில் ஓட்டினார். அந்த நவம்பரில், ஜெர்மனியின் டிடிஎம் தொடரும் சூப்பர் ஜிடியும் ஃபூஜி தடத்தில் கைகோத்து நடத்திய இரண்டு பந்தயங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை வென்றார். மலேசியத் தமிழர்கள் அவரை அந்தக் காரில் நேரில் காண வாய்ப்பில்லாமல் போனது பெரிய இழப்பு.

செப்பாங்கில் ஜிடி வெறுமையை நிரப்பியது வேறொரு வகை. ஸ்டெஃபான் ராட்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியில் 2006இல் தொடங்கிய ஜிடி 3 பிரிவில், எந்த நிறுவனத்தின் காரானாலும் எடையும் எஞ்சின் ஆற்றலும் திருத்தப்பட்டு ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவரப்படும். அங்கே சமன் செய்வது வெற்றிக்குப் பிறகு அல்ல, ஓடும் முன்பே. தொழில்முறை ஓட்டுநரும், சொந்தப் பணத்தில் ஓட்டும் ஆர்வலரும் ஒரே காரைப் பகிர்வது இதன் வழக்கம். இன்று ஜிடி வேர்ல்ட் சேலஞ்ச் ஆசியா எனப்படும் தொடர் 2017இல் செப்பாங்கில்தான் பிறந்தது. ஒரு வார இறுதியில் ஒரு மணி நேரப் பந்தயங்கள் இரண்டு.

ஜோகூரின் பெயர் ஒலிப்பது இந்தத் தொடரில்தான். ஜோகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த அபு பக்கார் இப்ராஹிம் ஜேஎம்ஆர் அணிக்காக இதில் ஓட்டியிருக்கிறார். முதலில் மெர்சிடிஸ், பிறகு கோர்வெட். மாநிலத்துக்கென்றே ஒரு தடமும் இருந்தது. மேற்குக் கரையோர ஊரான பொந்தியானுக்கு மறுகோடியில், பாசிர் கூடாங்கில் 1986இல் திறந்த ஜோகூர் தடம் 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே நடத்தியது. மறு ஆண்டே செப்பாங் வந்ததும் அந்தப் பெருமை வடக்கே போய்விட்டது. அதனால் பொந்தியானில் இருக்கும் ரசிகருக்கு இன்று வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம்தான் வழி.

2025 ஜூன் 27, 28 தேதிகளில் சூப்பர் ஜிடி செப்பாங்குக்குத் திரும்பியது. ஒரு வெள்ளியும் சனியும். வெள்ளி அவால் முஹாராம் விடுமுறை. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்துதான் ஜோகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியிருந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் சனிக்கிழமைப் பந்தயம் முடிந்த இரவே வண்டியோட்டி வந்து, ஞாயிறு காலை பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பியிருக்க வேண்டும். பொந்தியான் குடும்பங்களுக்கு இந்த முறை ஊர் திரும்ப முழு ஞாயிறும் மிச்சமிருந்தது.