பந்தயம் முடிந்தது, பாதை எங்கே?

1962 நவம்பர் 21, வெள்ளை மாளிகை. விண்வெளி அறிவியல் எல்லாப் பக்கமும் வளர வேண்டும், நிலவுப் பயணம் அதில் ஒரு பகுதிதான் என்று வாதாடுகிறார் நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப். அதிபர் கென்னடி விட்டுக்கொடுக்கவில்லை. சோவியத் யூனியனை முந்தத்தான் இவ்வளவு செலவு, மற்றபடி விண்வெளியில் தனக்கு அப்படியொன்றும் ஆர்வமில்லை என்று போட்டு உடைத்துவிடுகிறார். அந்தப் பேச்சின் ஒலிநாடா 2001-ல்தான் வெளியானது.

1972 டிசம்பரில் அப்போலோ 17-ன் யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் கிளம்பி வந்த பிறகு, நிலவின் மண்ணை யாரும் மிதிக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த ஒலிநாடாவிலேயே இருக்கிறது.

போவதற்கு முன்பே பிரேக்

நிலவைத் தொட்ட பிறகுதான் அமெரிக்காவுக்கு அலுத்துப்போனது என்று பலரும் நினைக்கிறோம். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போன ஆண்டு 1966. அதுதான் உச்சம், பிறகு இறங்குமுகம். ஒரு பக்கம் வியட்நாம் போர், இன்னொரு பக்கம் வறுமை ஒழிப்புத் திட்டங்கள். 1968 ஆகஸ்டில், நிலவுப் பயணத்துக்கான சாட்டர்ன் 5 ராக்கெட் உற்பத்தியைப் பதினைந்தோடு நிறுத்திக்கொள்ள வெப் முடிவெடுத்தார். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்க அப்போது இன்னும் பதினோரு மாதங்கள் இருந்தன!

அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதள வாசலுக்கே வந்தார். பசித்த வயிறுகள் இருக்கும்போது இது தேவையா என்பது அவர் கேள்வி. 1970-ல் அப்போலோ 18, 19, 20 மூன்றும் ரத்தாயின.

எட்டாத கனவு

வெற்றிச் சூட்டில் நாசா பெரிய திட்டம் தீட்டியிருந்தது: விண்வெளி நிலையம், நிலவில் தளம், 1980-களில் செவ்வாய். அதிபர் நிக்சன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது விண்வெளி ஓடத்தை மட்டுமே. நிலவு 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, ஓடம் பறந்ததோ சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம், செலவு மிச்சம் என்றார்கள், மிச்சமாகவில்லை. சேலஞ்சர், கொலம்பியா விபத்துகளில் 14 உயிர்கள் போயின. 135 பயணங்களோடு 2011-ல் அதுவும் ஓய்ந்தது.

போட்டிக்கும் ஆளில்லை. சோவியத்தின் நிலவு ராக்கெட்டான என்1 நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றது. 1989-ல் மூத்த புஷ்ஷும் 2004-ல் இளைய புஷ்ஷும் மறுபடி நிலவு என்று அறிவித்தார்கள். முதல் திட்டத்துக்கு நாடாளுமன்றம் பணம் தரவில்லை. இரண்டாவதை 2010-ல் ஒபாமா அரசு கைவிட்டது. திட்டம் முடியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும்; அதிபருக்கோ அதிகபட்சம் எட்டு. அடிக்கல் ஒருவர் நாட்ட, திறப்பு விழாப் பெயர் இன்னொருவருக்கு என்றால் யார் அக்கறை காட்டுவார்?

இதற்கிடையே இயந்திரங்கள் முந்திவிட்டன. மனிதருக்குக் காற்று, நீர், உணவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். 1977-ல் கிளம்பிய ஆளில்லா விண்கலமான வாயேஜருக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து மனிதர்கள் இடைவிடாமல் வசிப்பதும் சாதனைதான். ஆனால், அது வீட்டு வாசலைத் தாண்டாத சாதனை.

மறுபடியும் பந்தயம்

2030-க்குள் நிலவில் ஆளை இறக்குவோம் என்கிறது சீனா. அமெரிக்கா நிலவுக்குத் திரும்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. எதிராளி வந்ததும் கஜானா திறக்கிறது. ஆனால், முந்துவதற்காக மட்டும் ஓடுபவர், கோட்டைத் தொட்டதும் நின்றுவிடுவார். ஆகவே, முதலில் யார் இறங்குகிறார்கள் என்பதைவிட, இறங்கியதற்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.