வீட்டு அமெச்சூர் வானொலி ஆன்டெனா

அமெச்சூர் வானொலி ஆன்டெனா என்பது உரிமம் பெற்ற தன்னார்வலர்கள் வானொலி அலைகளை அனுப்பவும் பெறவும் வீட்டில் நிறுவும் சாதனமாகும். இவற்றுள் எளியது அரையலை இருமுனைக் கம்பி. 7.1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு இதன் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். இதனை 10 மீட்டர் உயரத்துக்குள் கட்டினால், அலைகள் பெரும்பாலும் மேல்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இறங்கும். தொலைதூர நாடுகளுடன் பேசுவதற்கே உயர்ந்த கோபுரம் பெரிதும் உதவும்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் போன்ற ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிப்பதால், கம்பி ஆன்டெனாவே பராமரிக்க எளிது. அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில் அதனை அமைப்பதும், இடிமின்னலுக்கு முன்பே இணைப்பைக் கழற்றிவிடுவதும் இன்றியமையாதவை.

பேரிடர்களில் இத்தகைய நிலையங்கள் பயன்படுகின்றன. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்ட நிலையில், போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் அவசரச் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர்.