மிதவைச் சட்டையை நம்பலாமா?

பெஹாலாவில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்னால் ஒரு குளம். அங்கே வங்கச் சிறுவர்கள் நீந்தப் பழகுவதைக் காணும்போதெல்லாம் எங்களூர்க் கிணறும், முதுகில் கட்டிய சுரைக்குடுக்கையும் என் நினைவுக்கு வரும். கடலடியில் மூழ்குவோர் அணியும் மிதவைச் சட்டையோ அக்குடுக்கையைப்போல் எளியதன்று.

1961 வரை தூத்துக்குடியில் முத்துக் குளித்த நம்மவர், கல்லின் பளுவால் இறங்கினர். தோணியில் நின்றவர் கயிற்றை இழுக்க, மேலே ஏறினர். இன்று கல்லுக்கு ஈடாக ஈயக்கட்டி. அதன் பளுவைச் சரிக்கட்டக் காற்றடைத்த சட்டை.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. சட்டைக்குள் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. எனவே இறங்க இறங்க விரைந்து அமிழ்வோம். ஏறும்போதோ காற்று விரிந்து நம்மை மேலே தள்ளும். மூச்சை அடக்கியவாறு அப்படி எழுந்தால் நுரையீரல் கிழியும்.

சென்ற விடுமுறையில், பயிற்சிக் குளத்தில் நான் அணிந்த இரவல் சட்டையின் காற்றுப் பொத்தான் சிக்கிக்கொண்டது. உப்புப் படிந்ததே காரணம். பயிற்சியாளர் உடனே காற்றுக் குழாயைக் கழற்றி, வெளியேற்றும் வால்வைத் திறந்தார். ஆழம் குறைவு, பிழைத்தேன்.

ஆகவே தோழர்களே! மூழ்கி வந்தபின் சட்டையை உள்ளும் புறமும் நன்னீரால் கழுவுங்கள். இறங்குமுன் ஊதி வைத்து, காற்றுக் கசிகிறதா எனப் பாருங்கள். பொத்தானையும் வால்வையும் இயக்கிப் பாருங்கள். வேறு வழியே இல்லாதபோது ஈயத்தைக் கழற்றிவிடக் கையைப் பழக்குங்கள்.

அன்று கயிறு பிடித்தவர் கண்ணயராமல் காத்தார். இன்று அந்த விழிப்பு நம்மிடமே இருத்தல் வேண்டும்.