காவிரிக்கரை அடுப்படி – 7: மீன் போன இடத்தில் சோறு வரலாமா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேசுவரம். அங்கே ஒப்பிலியப்பனுக்குப் படைக்கும் நைவேத்தியத்தில் உப்பு சேர்ப்பதில்லை. மார்க்கண்டேய முனிவர் வளர்த்த பூமிதேவியைப் பெருமாள் பெண் கேட்டு வந்தாராம். உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாத சின்னப் பெண் என்று தகப்பனார் தயங்கினாராம். உப்பில்லாமல் சமைத்தாலும் சாப்பிடுகிறேன் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதாகத் தலபுராணம் சொல்கிறது. புரட்டாசி பிறந்தால் அந்தக் கோயிலில் கூட்டம் நெரியும். வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்த ஒரு மாதம் மட்டும் கவிச்சியை நிறுத்தியவர்கள்.

"சைவத்துக்கு மாறணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காலண்டரைத்தான். தமிழ்நாடு இட்லி சாம்பார் நாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு 2014-இல் சொன்னது வேறு: இங்கே பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். டெல்டாவும் விலக்கல்ல. வாய்க்கால் விரால், கெளுத்தி, வயல் நண்டு, நாகப்பட்டினத்திலிருந்து வரும் கடல் மீன் எல்லாம் இந்த மண்ணின் சாப்பாடுதான். ஆனால் அதே வீடுகளில் வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை என்று சட்டி மாறும். புரட்டாசி முழுக்க மாறும். கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம். வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தவக்காலத்தின் நாற்பது நாளும் கறி எடுப்பதில்லை. சைவச் சமையல் தெரியாத வீடு இங்கே ஏறக்குறைய கிடையாது. புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. இருக்கிற நாட்களின் நடுவே இன்னும் சில நாட்களைச் சேர்த்தால் போதும். செவ்வாயும் வெள்ளியும் பழகியவருக்கு வியாழன் பெரிய விஷயமில்லை.

மாறுவதற்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு மருத்துவர் சொன்னது, சிலருக்கு வயது. சிலருக்கு உயிர் மேல் இரக்கம். கொள்ளிடத்துக்கு வடக்கே வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருப்பது அந்த இரக்கத்தால். புலால் மறுத்தலையும் பசித்தவருக்குச் சோறு போடுவதையும் அவர் ஒரே அறமாகப் பார்த்தார். பசியை விட்டுவிட்டு மறுத்தலை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சைவம் சாப்பிடுவதால் ஒருவர் உயர்ந்தவர் ஆகிவிடுவதில்லை. தெருவில் மீன் கூடையோடு வருகிற அம்மாவைப் பார்த்து முகம் சுளிப்பதற்குச் சைவம் காரணமாகும் என்றால், அந்தச் சைவத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயம். தஞ்சாவூர்ச் சாப்பாடு சோற்றை வைத்துக் கட்டப்பட்டது. மீன் குழம்பு வைத்த நாளில் குழம்புக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு, முடிந்தது. சைவச் சாப்பாடு என்றதும் பருப்புக்கு ஒரு சோறு, குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ஒவ்வொரு சாறும் தனக்கொரு பங்கு சோறு கேட்கும். தட்டிலிருந்து மீன் போகிறது. அது இருந்த இடத்தில் இரண்டு கரண்டிச் சோறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான்கு மாதம் கழித்து எடை கூடியிருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும், உடம்பில் தெம்பு இருக்காது. "சைவம் எனக்கு ஒத்துக்கல" என்று பழையபடி திரும்பிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதது சைவமே அல்ல, பருப்பு இல்லாத சோறு.

இதற்கு மருந்து இந்த வயலிலேயே விளைகிறது. தை மாதம் சம்பாவும் தாளடியும் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுக்கும்போது தாளுக்கு நடுவே பயறு இரண்டு இலை விட்டிருக்கும். பிறகு உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் விடியற்காலைப் பனியும்தான் அதற்குத் தண்ணீர். எழுபது நாளுக்குள் காய்த்து முடிந்துவிடும். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைத்துவிட்டுப் போவதால் அடுத்த நெல்லுக்கும் நல்லது. மேட்டூர்த் தண்ணீர் வராத கோடைக்கு முன்னால் குடும்பத்தின் கையில் நாலு காசு வருவதும் இந்தப் பயறால்தான். இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் முளைவிட்ட பயறு நசுங்கிப்போகிறது என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளின் பெரிய கவலை. நெல்லையும் பயறையும் ஒரே வயலில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த அந்த ஏற்பாட்டை நம் தட்டிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கணக்கைப் பார்ப்போம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி என்று இருக்கிறது. நூறு கிராம் அரிசியில் புரதம் 7 கிராம் அளவுக்கு இருக்கும், உளுந்தில் 24 கிராம் அளவுக்கு. கூட்டிப் பார்த்தால் அரிசியிலிருந்து 17, பருப்பிலிருந்து 20, பாலிலிருந்து 9. தேவை ஏறக்குறைய அதிலேயே நிறைந்துவிடுகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசினைப் பருப்பு ஈடுகட்டும். பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும்.

ஆனால் நம் வீடுகளில் நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போடுகிறோம். ஆளுக்குப் பதினைந்து கிராம்கூட வராது. அதனால் குழம்பை விட்டுக் கூட்டுக்கு வாருங்கள். நான்கு பேருக்குப் பாசிப்பருப்பு 150 கிராம், நடுத்தரப் புடலங்காய் ஒன்று. பருப்பை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். காயைத் தனியே உப்புப் போட்டு வேகவையுங்கள். ஒரு கரண்டி உளுத்தம்பருப்பையும் பத்து மிளகையும் இரண்டு வற்றல் மிளகாயையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, ஒரு பிடி தேங்காய், சீரகத்தோடு அரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிக் கடுகும் கறிவேப்பிலையும் தாளியுங்கள். பொரிச்ச கூட்டு, அவ்வளவுதான். புடலங்காய்க்குப் பதில் சௌசௌ, வாழைத்தண்டு, தண்டுக்கீரை எது கொல்லையில் இருக்கிறதோ அது. தட்டில் சோறு எவ்வளவோ கூட்டும் அவ்வளவு. ரசத்துக்குச் சோறு வேண்டாம், டம்ளரில் குடியுங்கள்.

மீன் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு இந்தக் கூட்டு சப்பென்று இருக்கும். அது உண்மை, அதை மறைக்கக் கூடாது. வாரத்தில் முதல் இரண்டு நாள் கூட்டு பக்கமே போகாதீர்கள். மீன் குழம்பு வைக்கும் அதே மண்சட்டியை எடுங்கள். அதே நல்லெண்ணெய், அதே வெந்தயம், சின்ன வெங்காயம், உரித்த பூண்டு, தக்காளி, புளிக்கரைசல், வீட்டில் அரைத்த அதே குழம்பு மிளகாய்த்தூள். முதல் நாள் இரவு ஊறவைத்து வேகவைத்த மொச்சை, பிஞ்சுக் கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய்க் காலமானால் நாலு துண்டு மாங்காய். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கட்டும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சைவம் என்றால் வெங்காயமும் பூண்டும் கூடாது என்று நினைத்துக்கொண்டு ருசியையும் சேர்த்துத் துறந்தவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். விரதம் வேறு, தினச் சாப்பாடு வேறு.

வீட்டில் ஒருவர் மட்டும் மாறினால் இரண்டு சமையலா என்ற கேள்வி வரும். அந்தச் சுமை பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழம்பு எல்லோருக்கும் பொதுவாகக் காய்க்குழம்பாக இருக்கட்டும். மீன் வேண்டுமென்றவர் தனிச் சட்டியில் தானே வறுத்துக்கொள்ளட்டும். மாற முடிவெடுத்தவர் ஆணாக இருந்தால் மொச்சை ஊறவைப்பதும் கூட்டுக்கு அரைப்பதும் அவர் வேலை. உப்பில்லாமல் தொடங்கினாலும் பழகிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். பி12 வைட்டமின் செடிகொடிகளில் கிடைக்காது. பாலும் தயிரும் தினமும் உண்டு என்றால் ஓரளவு வரும். அவற்றையும் விடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கர்ப்பிணிகளும் இரத்தசோகை உள்ளவர்களும் மாறுவதற்கு முன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அடுத்தது இரும்புச்சத்து. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ளப் புளிப்பான பழம் உதவும். ஆகவே கீரைக் கடைசலில் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், இல்லையேல் ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும் அந்த இரும்பைத் தடுத்துவிடும். கும்பகோணம் காபியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

அடுத்த வாரம் பருப்பு உருண்டைக் குழம்பு. உருண்டை குழம்பில் உடையாமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் ஆவியில் வேகவைக்க வேண்டும். இட்லிப் பானையைத் தயாராக வையுங்கள்.