பேசாத வீடுகளுக்குக் கதை வேண்டும்

மட்டக்களப்பின் குருக்கள்மடத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறினால் வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகலாம். இந்தக் கரை எழுவான்கரை, அந்தக் கரை படுவான்கரை. போர்க்காலத்தில் ஒரே குடும்பத்தின் உறவுகள் இரண்டு கரையிலும் பிரிந்து கிடந்ததுண்டு. குருக்கள்மடத்தை ஊடறுத்துச் செல்லும் கல்முனை வீதியில்தான், 1990 ஜூலை 12 அன்று, காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் மறித்து இறக்கிக் கொன்றார்கள். உடல்கள் குடும்பங்களின் கைக்கு வரவில்லை. புதைகுழியைத் தோண்டும் விடயம் 2014இல் நீதிமன்றம் வரை போயும் நீண்ட காலம் இழுபட்டது. அதே 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்களைப் படையினர் கொண்டுபோனார்கள். போனவர்கள் வரவில்லை.

இப்படிப்பட்ட வீடுகளில் யாரும் யாரோடும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா அழுவாள் என்று பிள்ளை கேட்காது. பிள்ளை பயந்துவிடும் என்று அம்மா சொல்லமாட்டாள். இறந்தார் என்று சடங்கு செய்யவும் முடியாது, இருக்கிறார் என்று நம்பவும் முடியாது. அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பாஸ் இந்நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். அதைச் சுமக்கும் ஒருவரைத் தனியாக அழைத்து மருந்து கொடுத்தால் போதாது, குடும்பமாக, பல குடும்பங்களாக உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். நான் அதை முழுமையாக ஏற்கிறேன்.

உட்கார வைத்தபின் என்ன செய்வது? “அப்பாவுக்கு என்ன நடந்தது?” என்று நேரே கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். “ஒரு காட்டில ஒரு மான்குட்டி இருந்ததாம். ஒருநாள் அதின்ர தகப்பன் வரவேயில்லையாம். பிறகு என்ன நடந்திருக்கும், நீ சொல்லு மகன்” என்றால் சொல்லத் தொடங்கும். அடுத்த அடியை அம்மாவும் அதற்கடுத்ததை அம்மம்மாவும் எடுக்கலாம். வீட்டில் சொல்ல முடியாதது மானின் வாயால் வெளியே வரும். மைக்கேல் வைட்டும் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த கதைவழிச் சிகிச்சையும் இதையொத்து, மனிதரையும் அவருடைய துன்பத்தையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்க்கிறது. “கோபக்காரப் பிள்ளை” என்று சொல்லாமல், “இந்தக் கோபம் எப்போ உங்கட வீட்டுக்குள்ள வந்தது? அதைத் துரத்த நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்?” என்று கேட்கிறது. அப்போது குடும்பம் பிள்ளைக்கு எதிரே நில்லாமல் பிள்ளையோடு சேர்ந்து நிற்கிறது.

மட்டக்களப்புக்கு இது புதிதல்ல. 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் இங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் ஓயாத காலம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் வந்து இறங்கி, களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், செடி நட்டார்கள், கதை கட்டி நாடகமாக ஆடினார்கள். உன் துயரத்தைச் சொல் என்று எவரும் வற்புறுத்தவில்லை. இந்தப் பொறுமையைத்தான் நான் அந்தப் பூங்காவின் பெரிய பாடமாகக் கருதுகிறேன். வெளியே ஒருவருக்கொருவர் பயந்து வாழ்ந்த இரு சமூகங்களின் பிள்ளைகள் உள்ளே ஒரே கதைக்குள் நடந்தார்கள்.

அதற்கும் வெகு முன்பே கண்ணகி கோயில்கள் இருந்தன. வைகாசியில் கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த ஒருத்தியின் கதையை ஊர் முழுவதும் இருந்து கேட்கிறது. பிறகு குளிர்த்தி பாடி அவள் கொதிப்பை ஆற்றுகிறார்கள். மகனைத் தேடி அலைந்த தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வம் ஏறி ஆடுவோரிடம் போய் அழுததை மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். உளவளத்துணை நிலையத்தின் படியேறத் தயங்கிய தாய்மாருக்கு அந்தக் கோயில் முற்றம் திறந்திருந்தது. கூத்தும் அப்படித்தான். வேடம் பகிரும் சட்டங்கொடுத்தல் தொடங்கி அரங்கேற்றம் வரை அண்ணாவியாரின் மத்தளத்துக்கு மாதக்கணக்கில் ஆடிப் பழகும்போது அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லோரும் கூத்துக் களரிக்கு வருகிறார்கள். நாடகமும் இதைத் தொட்டது: யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் போர் தந்த மனவடுவையே பொருளாக்கி ‘அன்னை இட்ட தீ’யை எழுதினார்.

கலை எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், வாழ்க்கைக் கதையைச் சொல்லவைத்த சிகிச்சையும் தியானப் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. இரண்டுமே ஆறு ஆறு அமர்வுகள். அப்படியிருக்க, ஒருநாள் பட்டறை நடத்தி, பிள்ளை வரைந்த குண்டுவீச்சுப் படத்தைச் சுவரில் ஒட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவதால் என்ன பலன்? திறந்த காயத்தை அப்படியே விட்டுப் போவது கொடுமை. தற்கொலை எண்ணம், கடும் மனநோய், வீட்டு வன்முறை இருக்கும் இடத்தில் முதலில் வைத்தியசாலையும் பாதுகாப்பும் வேண்டும். கதை அதற்குப் பிறகு.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஊர்களில் அண்ணாவிமார் இருக்கிறார்கள், கதை சொல்லும் அம்மம்மாமார் இருக்கிறார்கள். இவர்களை ஒரே பாயில் உட்கார வையுங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்து செய்ய ஊதியமும் இடமும் கொடுங்கள். குருக்கள்மடத்திலும் காத்தான்குடியிலும் இந்த வேலையைச் சேர்த்தே தொடங்குங்கள்.