சாளரம் திறவாமையும் மூடாமையும்

இணைய உலாவியின் சாளரங்கள் சில வேளைகளில் நம் ஏவலுக்கு அடங்குவதில்லை. திறக்க வேண்டியது திறவாது. மூட வேண்டியது மூடாது. மூடியதாகத் தோன்றியது உள்ளே இயங்கிக்கொண்டிருக்கும். இவற்றைக் கருவியின் குறும்பென எண்ணி வாளாவிருத்தல் தகாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணந் தெரியின் பரிகாரம் எளிது.

முதற்கண் திறவாமையை நோக்குவாம். 1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த பிரெண்டன் ஐக் என்பார் ஜாவாஸ்கிரிப்ற் மொழியை ஆக்கினார். அதன் துணையால் ஒரு பக்கம் தானாகவே புதிய சாளரத்தைத் திறக்கலாயிற்று. விளம்பரஞ் செய்வோர் இவ்வாற்றலை அளவிறந்து கையாண்டமையால் உலாவிகள் தடையொன்றை அமைத்தன. 2004ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனமும் இன்ரநெற் எக்ஸ்புளோரரில் அதனைச் சேர்த்தது. பயனாளர் சொடுக்கியதன் விளைவாகவன்றிப் பக்கம் புதிய சாளரத்தைத் திறத்தல் ஆகாது என்பதே இத்தடையின் அடிப்படை. சொடுக்கியபின் பக்கம் நெடிது தாமதித்துத் திறக்க முயலினும் உலாவி அதனை மறுத்தல் கூடும். ஆகவே விண்ணப்பப் படிவமோ பணஞ்செலுத்திய பற்றுச்சீட்டோ தோன்றாவிடின், முகவரிப் பட்டையின் அருகே தடைக்குறி உளதாவென நோக்கி, நம்பத்தகுந்த அத்தளத்துக்கு மாத்திரம் அனுமதி வழங்குக. தடையை முற்றாக நீக்குதல் வேலியைப் பிரித்துவிட்டுப் பயிரைக் காத்தல் போலாகும்.

இனி, மூடாமை இருவகைத்து. எழுதியது சேமிக்கப்படாதிருப்பின், வெளியேறலாமாவென உலாவி வினவும். இது குற்றமன்று, காவலேயாம். பக்கத்திலுள்ள ‘மூடு’ பொத்தான் பயன்படாமை மற்றையது. நிரல் திறந்த சாளரத்தையே நிரல் மூடலாமென்பது பொதுவிதியாதலின், நாம் திறந்ததை நாமே உலாவியின் மூடுகுறியால் மூடுதல் வேண்டும்.

மூடியபின் பயர்பொக்ஸ் மீண்டுந் திறவாது, ‘முன்னரே இயங்குகின்றது’ எனக் கூறுவதும் உண்டு. சாளரம் மறைந்தும் அதன் செயன்முறை ஓயாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம். விண்டோஸ் கணினியில் கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து, அச்செயன்முறையை முடித்துவிடுக. இடர் மீளவும் நேரின், நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றின் உண்மைக் காரணம் புலப்படாது.

இவையனைத்தினும் கொடியது ஒன்றுண்டு. திரை முழுவதையும் மூடிக்கொண்டு, ‘கணினியில் நச்சுநிரல் புகுந்தது, இவ்வெண்ணுக்குப் பேசுக’ என அச்சுறுத்துஞ் சாளரமே அது. அது வஞ்சகர் விரித்த வலை. பேசியோர் பொருளையும் மறைச்சொல்லையும் இழந்ததுண்டு. எண்ணை அழையாது, மேற்கூறியவாறு உலாவியை முடித்து, மீளத் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்க மறுத்துவிடுக.

சாளரம் அடங்காதபோது பதறாது நின்று, தடுப்பது காவலோ, பழுதோ, வஞ்சனையோ எனப் பகுத்தறிதலே முதற்பணி. காவலை மதித்தலும், பழுதைத் திருத்தலும், வஞ்சனையை விலக்கலும் அதன்பின் தாமே கைகூடும்.