இணையத்திற்கு இரண்டாம் வழி

குழாயில் தண்ணீர் வராவிட்டால் கிணற்றை நாடுகிறோம்; மின்சாரம் நின்றால் மெழுகுவர்த்தியைத் தேடுகிறோம். இணைய இணைப்பு நின்றால் எதை நாடுவது? சென்ற மழைக்காலம் வரை நாங்கள் இதைச் சிந்தித்ததே இல்லை.

எங்கள் மூத்த மகள் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனம் ஒன்றின் கணக்குகளைக் கவனித்து வருகிறாள். நடக்க இயலாத பாட்டிக்குப் பகலெல்லாம் துணையிருப்பவளும் அவளே. அந்நாளில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டிய இயந்திரம் ஒளியிழைக் கம்பியை அறுத்துவிட்டது. மூன்று நாள்கள் இணைப்பு இல்லை. கைபேசி இணையத்தின் அன்றாட அளவோ நண்பகலுக்குள் தீர்ந்தது. மூன்றாம் நாள் மாலை மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது: மீண்டும் இவ்வாறு நேர்ந்தால் அலுவலகத்திற்கே வந்து பணிபுரிய வேண்டும். அப்படியானால் பாட்டியை யார் பார்ப்பது?

ஆகவே, வேறொரு நிறுவனத்திடம் இரண்டாவது ஒளியிழை இணைப்பு பெற்றோம். இதுவே நாங்கள் செய்த முதல் தவறு. இரு நிறுவனங்களின் கம்பிகளும் தெருமுனையில் ஒரே கம்பத்தைத்தான் தழுவி வந்தன! வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று இரண்டையும் ஒருசேர இழுத்துச் சென்ற அன்றுதான் இது எங்கள் கண்ணில் பட்டது. வாசக அன்பர்கள் பணம் கட்டுமுன் தெருவில் இறங்கி, கம்பிகள் எவ்வழியே வருகின்றன என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நலம்.

இரண்டாம் வழி வேறு வகையினதாக இருத்தல் வேண்டும் என்று தெளிந்தோம். கோபுரத்திலிருந்து 5ஜி அலைவழியே வீட்டிற்கு இணையம் தரும் முறையை ஏர்டெல், ஜியோ ஆகிய நிறுவனங்கள் 2023-ஆம் ஆண்டில் தொடங்கின. அம்முறையிலான இணைப்பொன்றைப் பெற்று, இரண்டாவது ஒளியிழையை நிறுத்திவிட்டோம்.

இனி, இரண்டையும் ஒன்றாக்கும் பெட்டி. இரு வெளி இணைப்புகளை ஏற்கும் ரௌட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. நாங்கள் வாங்கியது டிபி-லிங்க் ஈஆர்605 என்னும் சிறு பெட்டி. அதிலுள்ள ஐந்து துளைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை வெளி இணைப்புக்குப் பயன்படும். ஆனால் அதில் வைஃபை கிடையாது. அதற்கு வேறு கருவி வேண்டும். பரணில் கிடந்த எங்கள் பழைய ரௌட்டர் அவ்வேலைக்குப் போதுமானதாயிற்று.

அன்றிரவு கம்பிகளைச் செருகியும் ஒன்றும் இயங்கவில்லை. நிறுவனம் தந்த பெட்டியும் புதிய ரௌட்டரும் வீட்டினுள் ஒரே எண் வரிசையை, அஃதாவது 192.168 என்பதைத் தொடர்ந்து அதே மூன்றாம் எண்ணைக் கொண்டிருந்தன. இரு தெருக்களுக்கு ஒரே பெயரிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? புதிய ரௌட்டரின் மூன்றாம் எண்ணைப் பத்தாக மாற்றியதும் வழி திறந்தது.

இளைய மகனுக்கு மட்டும் ஓர் ஏமாற்றம். நூறும் ஐம்பதும் சேர்ந்து நூற்றைம்பது மெகாபிட் வேகம் வரும் என்று அவன் எண்ணியிருந்தான். இரு வழிகளையும் ஒருங்கே பயன்படுத்தினாலும், ஒரு கோப்பு இறங்குவது பெரும்பாலும் ஒரு வழியாகவே. வீட்டார் பலருக்கிடையே சுமைதான் பகிரப்படுகிறது. மேலும், பாதி வேலை ஒரு வழியிலும் மீதி மறு வழியிலும் சென்றால், முகவரி மாறியது கண்டு ஐயுற்றுச் சில வங்கித் தளங்கள் நம்மை வெளியேற்றி விடுகின்றன. எனவே ஒளியிழையை முதல் வழியாகவும், அது வீழ்ந்தால் மட்டும் அலைவழியையும் கொள்ளும்படி அமைத்தோம்.

வீழ்ந்ததை ரௌட்டர் எப்படி அறியும்? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தெருவில் கம்பி அறுந்தாலும், வீட்டினுள் இருக்கும் நிறுவனத்தின் பெட்டி விளக்கெரிய உயிரோடுதான் இருக்கும். அப்பெட்டியை மட்டும் தட்டிப் பார்க்கும் ரௌட்டர் யாவும் நலம் என்றே எண்ணும். 8.8.8.8, 1.1.1.1 போன்ற வெளியுலக முகவரிகளைத் தட்டிப் பார்க்குமாறு அதற்குச் சொல்ல வேண்டும். பின்னர் நாமே முதல் கம்பியைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டும். சோதிக்காத ஏற்பாட்டை நம்புவதற்கில்லை.

மின்தடையையும் மறவாதீர். இத்தகைய பெட்டிகளில் பல 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றிற்கென்றே சிறு மின்கலப் பெட்டிகள் விற்கின்றன. வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குக.

செலவு கூடியது உண்மைதான். மாதந்தோறும் இரண்டு கட்டணங்கள் என்றால் எங்களைப் போன்ற குடும்பத்திற்குச் சற்றுப் பளுவே. வெளியே உணவு வாங்குவதைக் குறைத்துச் சமாளிக்கிறோம்.

சென்ற மாதம் மீண்டும் தெருவில் கம்பி அறுந்தது. மகள் அப்போது மேலாளருடன் காணொளியில் பேசிக்கொண்டிருந்தாள். படம் சில நொடிகள் அசைவற்று நின்று, பின் தொடர்ந்தது. அடுத்த வீட்டார் வந்து, “உங்களுக்கும் இணைப்பு இல்லையா?” என்று கேட்ட பிறகே நாங்கள் செய்தியை அறிந்தோம். பாட்டி அந்நேரம் உறங்கிக்கொண்டிருந்தார்.